தைராய்டு மாத்திரையோடு கிளாண்டுலர் கேப்சூலும் சேர்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைராய்டு குறைவு என்று தெரிந்து, தினமும் காலையில் வெறும் வயிற்றில் எல்ட்ராக்சினோ தைரோநார்மோ போடுகிறவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். ரிப்போர்ட் நார்மல் என்று வந்துவிட்டது, ஆனாலும் சோர்வு போகவில்லை, முடி கொட்டுவது நிற்கவில்லை, எடை இறங்கவில்லை என்ற புலம்பலும் அதே அளவுக்கு உண்டு. இந்த நேரத்தில்தான் அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர் பெட்டியிலோ ஆன்லைன் கடையிலோ 'தைராய்டு கிளாண்டுலர்' என்ற புட்டி கண்ணில் படுகிறது. "டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்த வேண்டாம், இதையும் கூடச் சேர்த்துக்கொள்" என்று யாராவது சொல்லியும் விடுகிறார்கள். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரோடு பேசிச் செய்ய வேண்டிய வேலை. அவரிடம் என்ன கேட்பது, என்ன சொல்வது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

கிளாண்டுலர் கேப்சூலுக்குள் என்னதான் இருக்கிறது?

விலங்கின் சுரப்பிதான். இறைச்சிக்கூடத்தில் எடுத்த தைராய்டை உறையவைத்து, உலர்த்தி, பொடியாக்கி கேப்சூலில் அடைக்கிறார்கள். தைராய்டுக்குத் தைராய்டு, அட்ரினலுக்கு (சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி) அட்ரினல், கல்லீரலுக்குக் கல்லீரல் என்று வரிசையாக உண்டு. 'நியூசிலாந்தில் புல் மேய்ந்த மாடு' என்று லேபிளில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். பல புட்டிகளில் சுரப்பிப் பொடியோடு கடற்பாசி, செலினியம், டைரோசின், அஸ்வகந்தா என்று ஒரு கூட்டணியே இருக்கும்.

அமெரிக்காவில் இவை மருந்துக் கணக்கில் வருவதில்லை. 1994இல் வந்த சட்டப்படி இவை உணவுச் சத்துப் பொருள்கள். விற்பதற்கு முன் பலனையோ பாதுகாப்பையோ, அங்கே உணவையும் மருந்தையும் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் நிரூபித்து ஒப்புதல் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. நோயைக் குணமாக்கும் என்று எழுதக் கூடாது. தைராய்டு செயல்பாட்டுக்குத் துணை நிற்கும் என்று எழுதலாம். லேபிளில் எதையும் நேராகச் சொல்லாத அந்த வழவழப்பான வாக்கியங்களுக்கு இதுதான் காரணம்.

சேர்மானப் பட்டியலையும் பாருங்கள். போவைன் என்றிருந்தால் மாடு, போர்சைன் என்றால் பன்றி, ஓவைன் என்றால் செம்மறி ஆடு. மேல் கூடு ஜெலட்டின் என்றால் அதுவும் பெரும்பாலும் மாடு அல்லது பன்றியிலிருந்து வருவதுதான். வீட்டில் முட்டைகூடச் சேர்க்காத அம்மாவுக்கு, 'இயற்கை மருந்து' என்று நினைத்து இதை வாங்கிக் கொடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். என்ன சாப்பிடுகிறோம் என்பதைச் சாப்பிடுகிறவரிடம் முதலில் சொல்லிவிடுவது மரியாதை.

ஆர்மர் தைராய்டு என்று ஒன்று சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருகிறது. ஆர்மர் தைராய்டு, என்.பி. தைராய்டு போன்றவை உலர்த்திய பன்றித் தைராய்டு மாத்திரைகள். டாக்டர் சீட்டு இருந்தால்தான் அமெரிக்காவில் கிடைக்கும். அவற்றில் ஹார்மோன் இவ்வளவு என்று அளந்து விற்கிறார்கள்: ஒரு கிரெயின், அதாவது 60 மில்லிகிராம் ஆர்மர் மாத்திரையில் 38 மைக்ரோகிராம் டி4, 9 மைக்ரோகிராம் டி3. தைராய்டு சுரக்கும் இரண்டு ஹார்மோன்கள்தான் இவை; டி4க்குத் தைராக்சின் என்றும் பெயர். கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் கிளாண்டுலர் புட்டியில் அப்படி ஒரு கணக்கே கிடையாது.

அளந்து விற்பதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. இந்தப் பன்றித் தைராய்டு மாத்திரைகள் பழங்காலத்திலிருந்து சந்தையில் இருப்பவை; எஃப்.டி.ஏ. முறைப்படி ஒப்புதல் கொடுத்தவை அல்ல. 2020இல் என்.பி. தைராய்டில் சில தொகுதிகளை, டி3 இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்ததால் திரும்பப் பெற்றார்கள். இன்னொரு விஷயம், மனிதத் தைராய்டு டி4, டி3 இரண்டையும் ஏறக்குறைய 14க்கு 1 என்ற விகிதத்தில் சுரக்கிறது. பன்றியுடையதில் 4க்கு 1. அதனால் நமக்கு வேண்டியதைவிட டி3 தூக்கலாக இருக்கும்.

ஆனால் நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். 2013இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் 70 நோயாளிகளுக்கு, எது எது என்று தெரியாமல், லெவோதைராக்சினையும் (எல்ட்ராக்சின், தைரோநார்ம் மாத்திரைகளில் இருக்கும் டி4) பன்றித் தைராய்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். அறிகுறிகளிலும் நினைவுத்திறனிலும் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் 34 பேர் பன்றித் தைராய்டே பிடித்திருந்தது என்றார்கள், 13 பேர் லெவோதைராக்சின் என்றார்கள், மீதிப் பேருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே மாத்திரை மாற்றிச் சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்கள் எல்லோரும் கற்பனை செய்கிறார்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்த ஆய்வு நடந்தது டாக்டர் கண்காணிப்பில், அளவு தெரிந்த மருந்தை வைத்து. அதைக் காட்டிக் கிளாண்டுலர் விற்பது ஏமாற்று வேலை.

நூறு வருஷத்துக்கு முன்னால் ஆட்டுத் தைராய்டு கொடுத்துத்தானே குணப்படுத்தினார்கள்?

ஆமாம், அருமையான கதை அது. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டர், செம்மறி ஆட்டுத் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை, தைராய்டு முற்றிலும் செயலிழந்திருந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். முகம் வீங்கி, பேச்சு மந்தமாகி, குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவர் சில மாதங்களில் எழுந்து நடமாடினார். அதன் பிறகு 28 வருஷம் உயிரோடிருந்து 1919இல் தான் இறந்தார். அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அவருக்கு 870 ஆடுகளின் சுரப்பி தேவைப்பட்டது. அடுத்த வருஷமே, ஊசி எதற்கு, வாயால் கொடுத்தாலும் வேலை செய்கிறதே என்று வேறு இரண்டு டாக்டர்கள் கண்டார்கள். அவர்களில் ஃபாக்ஸ் என்பவர் ஆட்டுத் தைராய்டை லேசாக வறுத்து, கொத்தி, பழ ஜெல்லியோடு சாப்பிடச் சொன்னார்!

அந்த வைத்தியம் பலித்ததற்குக் காரணம் சுரப்பியில் இருந்த ஹார்மோன். 1914 கிறிஸ்துமஸ் அன்று எட்வர்ட் கெண்டல் மேயோ கிளினிக்கில் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். தைராக்சின் என்று பெயர் வந்தது. 1927இல் ஹேரிங்டனும் பார்ஜரும் ஆய்வுக்கூடத்திலேயே அதைச் செய்து காட்டினார்கள். 1952இல் டி3 கண்டுபிடிக்கப்பட்டது. 1970இல், டி4 மட்டும் கொடுத்தாலே உடல் அதிலிருந்து தனக்கு வேண்டிய டி3ஐச் செய்துகொள்கிறது என்பது தைராய்டே இல்லாதவர்களிடம் நிரூபிக்கப்பட்டது. அதன் பிறகுதான் டாக்டர்கள் பன்றித் தைராய்டை விட்டு டி4 மாத்திரைக்கு மாறினார்கள். நீங்கள் காலையில் போடும் மாத்திரை, மர்ரே கொடுத்த சாற்றில் வேலை செய்த அதே பொருள்தான். ஆட்டுக்கு ஆடு அளவு மாறுகிற தொல்லை மட்டும் இல்லை.

லேபிளில் 'தைராக்சின் நீக்கப்பட்டது' என்றிருக்கிறதே, அப்போது பயமில்லைதானே?

அந்த வாக்கியத்தை நம்பலாமா என்பதுதான் பிரச்சினை. தைராய்டு ஹார்மோன் சுரப்பிக்குள் தைரோகுளோபுலின் என்ற பெரிய புரதத்தோடு கோத்துத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். சுரப்பியைப் பொடியாக்கினால் அதுவும் கூடவே வரும்.

2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள், தைராய்டுக்கு நல்லது என்று கடையில் விற்கும் 10 சப்ளிமென்டுகளை வாங்கிச் சோதித்தார்கள். 10இல் 9இல் டி3 இருந்தது, 5இல் டி4 இருந்தது. லேபிளில் சொன்னபடி சாப்பிட்டாலே, ஐந்து புட்டிகள் நாளைக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் டி3 கொடுத்தன. ஒன்றில் டி4 நாளைக்கு 91.6 மைக்ரோகிராம் வரை வந்தது. டாக்டர் எழுதித்தருகிற 88 மைக்ரோகிராம் மாத்திரையைவிட அது அதிகம்.

ஹார்மோன்தானே, வயிற்றில் செரித்துப் போய்விடாதா என்றும் கேட்கிறார்கள். இன்சுலின் அப்படிப் போய்விடும், இது போகாது. சமைத்தாலும் போகாது. 1984, 85இல் அமெரிக்காவின் மின்னசோட்டா, தெற்கு டகோட்டா, அயோவா பக்கத்தில் திடீரென்று ஊர் ஊராக மக்களுக்குப் படபடப்பும் எடைக் குறைவும் வந்தன. 121 பேர். தேடிப் பார்த்தால், ஒரு இறைச்சிக்கூடத்தில் மாட்டின் கழுத்துச் சதையைத் தைராய்டோடு சேர்த்துக் கொத்துக்கறியில் போட்டிருக்கிறார்கள். ஹாம்பர்கர் சாப்பிட்டே அவர்களுக்குத் தைராய்டு மிகைநிலை வந்திருக்கிறது.

சரி, உண்மையிலேயே ஹார்மோன் இல்லாத புட்டி என்றால்? சுரப்பிக்கு ஊட்டமாவது கிடைக்காதா?

எந்த உறுப்பு பலவீனமோ அந்த உறுப்பையே சாப்பிட வேண்டும் என்ற நம்பிக்கை நம்மிடமும் உண்டு. ஆட்டு எலும்பு சூப், ஈரல், மூளை என்று நம் வீட்டுப் பெரியவர்களும் செய்து கொடுப்பார்கள். ஈரலில் இரும்புச் சத்து இருக்கிறது, அதனால் இரத்தசோகைக்கு அது உதவும். அங்கே காரணம் தெளிவு. தைராய்டுப் பொடியில் ஹார்மோனை எடுத்துவிட்டால் மிச்சம் புரதம். அது வயிற்றில் பருப்பும் மீனும் செரிக்கிற மாதிரியே செரித்து, அமினோ அமிலங்களாகத்தான் இரத்தத்தில் சேரும். அவை தேடிக்கொண்டு கழுத்துக்குப் போய்ச் சுரப்பியைப் பழுதுபார்ப்பதில்லை.

பெரியவர்களுக்கு வரும் தைராய்டு குறைவில் பெரும்பங்கு ஹாஷிமோட்டோ நோயால் வருவது. 1912இல் ஜப்பானிய டாக்டர் ஹகாரு ஹாஷிமோட்டோ முதலில் விவரித்ததால் அந்தப் பெயர். உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியை அரிக்கிற நோய் இது. மாட்டுச் சுரப்பியைச் சாப்பிட்டால் எதிர்ப்பணுக்கள் அந்தப் பக்கம் திரும்பிவிடும், நம் சுரப்பி தப்பிக்கும் என்று ஒரு வாதம் உலவுகிறது. கேட்க அழகாக இருக்கிறது. கிளாண்டுலர் சாப்பிட்டு ஹாஷிமோட்டோ அடங்கியது என்று நோயாளிகளிடம் ஒழுங்காகச் சோதித்துக் காட்டிய சான்று இல்லை.

ஆக, இந்தப் புட்டியில் ஹார்மோன் இல்லையென்றால் அதனால் பயன் இல்லை. இருந்தால் அது அளவு தெரியாத இரண்டாவது மருந்து. மீதிக் கேள்விகளுக்கு நான் சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

மாத்திரையும் கேப்சூலும் சேர்த்துச் சாப்பிட்டால் உடம்பில் என்ன நடக்கும்?

உங்கள் மாத்திரை அளவை டாக்டர் எப்படி முடிவு செய்கிறார்? டி.எஸ்.எச். பார்த்து. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, இரத்தத்தில் ஹார்மோன் குறைந்தால் டி.எஸ்.எச்.சைக் கூட்டும், போதும் என்றால் குறைக்கும். பெரும்பாலான லேப்களில் 0.4 முதல் 4 வரை நார்மல். மாத்திரை அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் திரும்பப் பார்ப்பார்கள். டி4 இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும். அது நிலைக்கு வர அவ்வளவு நாள் வேண்டும்.

இப்போது ஒரே குழம்பில் மாமியாரும் மருமகளும் ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் உப்புப் போடுகிறார்கள் என்று வையுங்கள். அதுதான் இங்கே நடப்பது. கேப்சூலில் இருக்கும் டி3 பிட்யூட்டரியைத் திருப்திப்படுத்துகிறது, டி.எஸ்.எச். இறங்குகிறது. கேப்சூல் விஷயம் தெரியாத டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, 100 மைக்ரோகிராமை 75 ஆக்குகிறார்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "பார்த்தீர்களா, மாத்திரை குறைந்துவிட்டது, சுரப்பி தானாக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது" என்று வீட்டில் சந்தோஷம். சுரப்பி ஒன்றும் செய்யவில்லை. மாத்திரையில் குறைந்த ஹார்மோன் புட்டியிலிருந்து வருகிறது, அவ்வளவுதான். அடுத்த புட்டி வேறு தொகுதி, அதில் ஹார்மோன் பாதிதான் இருக்கிறது, அல்லது ஊருக்கு வர வேண்டிய சொந்தக்காரர் இந்த வருஷம் வரவில்லை என்றால்? குறைத்துவிட்ட மாத்திரையோடு மட்டும் நிற்பீர்கள். பழைய சோர்வு முன்பைவிட மோசமாகத் திரும்பும். அதையே "கேப்சூலை நிறுத்தியதால்தான் இப்படி" என்று கேப்சூலுக்குச் சாதகமான சாட்சியாகவும் எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு நிஜமாகவே தெம்பாக இருக்கிறது. அதைத் தப்பு என்கிறீர்களா?

தெம்பு பொய் என்று சொல்லவில்லை. ஆனால் நல்ல வித்தியாசம் தெரிந்தால்தான் நான் அதிகம் கவலைப்படுவேன், ஏனென்றால் புட்டியில் ஹார்மோன் இருக்கிறது என்பதற்கு அது ஒரு அடையாளம். டி3 சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் உச்சத்துக்குப் போய், ஒரு நாளில் பாதியாகிவிடும். அந்த ஏற்றத்தில் சுறுசுறுப்பு வரும், பசி எடுக்கும், எடை கொஞ்சம் இறங்கும். ஆரம்பத்தில் எல்லாமே நன்றாகத்தான் தோன்றும்.

அளவு மீறினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது, வயிறு அடிக்கடி போகும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். வயதானவர்களுக்கு இவை எதுவும் இல்லாமலே இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊர் மக்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்ததில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் டி.எஸ்.எச். 0.1 அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்களுக்கு, அடுத்த 10 வருஷத்தில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு மூன்று மடங்கு வந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பும் தேயும்.

தானாகவே சரியாகிறவர்களும் உண்டு. பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி பலருக்கு ஒரு வருஷத்துக்குள் தணிந்துவிடும். டி.எஸ்.எச். 5, 6 என்று லேசாக ஏறியிருந்தது, ஒன்றும் செய்யாமலே அடுத்த தடவை நார்மலாக வருவதும் சகஜம். அந்தச் சமயத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும்.

மாட்டுச் சுரப்பி என்றால் பைத்திய மாட்டு நோய் வருமோ?

மூளை, தண்டுவடம் போன்ற ஆபத்தான மாட்டுப் பாகங்களை அமெரிக்காவில் 2004 முதல் சப்ளிமென்டுகளில் சேர்க்கத் தடை. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. இந்தப் புட்டிகள் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை ஹார்மோன்தான்.

தைராய்டு வேண்டாம், அட்ரினல் கிளாண்டுலர் மட்டும் எடுத்தால்?

'அட்ரினல் சோர்வு' என்ற பெயரில் இதையும் சேர்த்தே விற்கிறார்கள். ஹார்மோன் மருத்துவத்தில் அப்படி ஒரு நோய் இல்லை. 2018இல் இந்த வகையில் 12 சப்ளிமென்டுகளைச் சோதித்தபோது, பன்னிரண்டிலுமே சிறிதளவு டி3 இருந்தது. ஏழில் ஸ்டீராய்டு ஹார்மோனும் இருந்தது. தெரியாமல் ஸ்டீராய்டு சாப்பிட்டு, பிறகு திடீரென்று நிறுத்தினால் உடலின் சொந்த அட்ரினல் உடனே எழுந்து வேலை செய்யாது.

அட்ரினல் உண்மையிலேயே செயலிழக்கிற அடிசன் நோய் என்று ஒன்று உண்டு, ஹாஷிமோட்டோ உள்ள சிலருக்கு அதுவும் வரும். எடை தானாகக் குறைவது, தோல் கருத்துப்போவது, எழுந்தால் தலைசுற்றுவது, உப்பு மேல் ஆசை ஆகியவை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதைக் கவனிக்காமல் தைராய்டு ஹார்மோனை மட்டும் கூட்டினால் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

ரிப்போர்ட் நார்மல், ஆனாலும் முடியவில்லை. வேறு என்னதான் செய்வது?

நியாயமான கேள்வி இது. டி.எஸ்.எச். சரியாக இருந்தும் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு அறிகுறி தொடர்கிறது என்று மருத்துவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். "எல்லாம் நார்மல், போய் வாங்க" என்று இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிட்டால், நோயாளி அடுத்ததாகப் புட்டியைத் தேடத்தான் செய்வார்.

முதலில் மாத்திரை ஒழுங்காக உடம்பில் சேர்கிறதா என்று பாருங்கள். நம் வீடுகளில் நடப்பது என்ன? ஐந்தரைக்கு மாத்திரை, ஐந்து முப்பத்தைந்துக்கு ஃபில்டர் காபி. காபியும் மாத்திரை சேர்வதைத் தடுக்கும், அதிலுள்ள பாலும் தடுக்கும். குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். காபி இல்லாமல் அவ்வளவு நேரம் முடியாது என்பவர்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டு, இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது போடலாம். நெதர்லாந்தில் 2010இல் வெளியான ஒரு ஆய்வில் இரவில் போட்டவர்களுக்கு டி.எஸ்.எச். இன்னும் நன்றாகவே குறைந்தது.

இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் நான்கு மணி நேரம் தள்ளியே இருக்க வேண்டும். மறந்துவிடும் என்று எல்லா மாத்திரையையும் ஒரே கையில் வைத்து விழுங்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அப்படிச் செய்தால் தைராய்டு மாத்திரையில் ஒரு பங்கு வீணாகிறது. தினமும் போடும் கேஸ் மாத்திரை, அதாவது பேன்டோப்ரசோல் வகை, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரையை அடுப்புப் பக்கத்திலும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள். வெயிலும் ஈரமும் அதைக் கெடுக்கும். ஒரே பிராண்டாக வாங்குங்கள். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் அடுத்த டெஸ்டில் அதையும் சொல்லுங்கள். உடல் எடை நிறைய மாறியிருந்தால் அளவும் மாற வேண்டியிருக்கலாம். தைராய்டே வேலை செய்யாதவர்களுக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது ஏறத்தாழ முழு அளவு.

இத்தனையும் சரி என்றால், சோர்வுக்கு வேறு காரணம் தேட வேண்டும். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச் சத்துக் கையிருப்பு) பாருங்கள். பி12 பாருங்கள், சைவம் சாப்பிடுகிறவர்கள் கட்டாயமாக. வைட்டமின் டி, சர்க்கரை. இரவில் பலத்த குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிகிறவர் என்றால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைகளும் தைராய்டுத் தொல்லைகளும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். மனச்சோர்வும் அப்படித்தான். அதைச் சொல்ல வெட்கப்பட்டு "தைராய்டுதான்" என்று முடித்துக்கொள்கிறவர்களை நிறையப் பார்க்கலாம்.

எல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால், டி4 மாத்திரையோடு சிறிய அளவு டி3 மாத்திரை சேர்த்துப் பார்க்கலாமா என்று ஹார்மோன் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். எல்லா மருந்துக்கடையிலும் அது கிடைப்பதில்லை, எல்லோருக்கும் அது பொருந்துவதும் இல்லை. ஆனால் புட்டியில் தெரியாமல் கிடைக்கிற டி3ஐவிட, அளவு தெரிந்து, டெஸ்ட் எடுத்துச் சாப்பிடுகிற டி3 எவ்வளவோ மேல்.

முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறேன். அதனால் ஏதாவது?

தைராய்டைக் கெடுக்காது, ரிப்போர்ட்டைக் கெடுக்கும். பல லேப் கருவிகளில் சோதனை முறையே பயோட்டினை வைத்துத்தான் நடக்கிறது. உங்கள் இரத்தத்தில் அது கூடுதலாக இருந்தால் டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 கூடுதலாகவும் பொய்யாகக் காட்டும். இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். கிளாண்டுலர் கேப்சூல் சிலவற்றிலும் பயோட்டின் சேர்க்கிறார்கள். ஹார்மோனும் பயோட்டினும் சேர்ந்த புட்டி என்றால் அந்த ரிப்போர்ட்டை யாராலும் சரியாகப் படிக்க முடியாது.

கர்ப்பமாக இருக்கிறேன், அல்லது குழந்தைக்காக முயற்சி செய்கிறேன்.

கிளாண்டுலர் வேண்டாம். இதில் 'பார்க்கலாம்' என்ற பேச்சே இல்லை. முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயிடமிருந்து வரும் டி4ஐ நம்பியிருக்கிறது. டி3 தூக்கலான எதையும், டாக்டர் சீட்டில் வரும் பன்றித் தைராய்டு உட்பட, கர்ப்பத்தில் தவிர்க்கச் சொல்கிறார்கள். நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். லெவோதைராக்சினை வழக்கமாக 25 முதல் 30 சதவீதம் கூட்ட வேண்டியிருக்கும். மாதாந்திர செக்கப் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

அமுக்கரா, ஹோமியோபதி தைராய்டினம் இதெல்லாம்?

அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, தைராய்டு ஹார்மோனைக் கொஞ்சம் உயர்த்தக்கூடியது. லேசான குறைவு உள்ளவர்களிடம் சிறிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், டி.எஸ்.எச். குறைந்தது. அதைச் சாப்பிட்டுத் தைராய்டு மிகையாகிப் போனவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளும் உண்டு. சித்த மருத்துவர் கொடுத்தாலும் ஆங்கில மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அவர் கொடுப்பதை இவரிடமும் சொல்ல வேண்டும். தைராய்டினம் ஆட்டுச் சுரப்பியிலிருந்து செய்வதுதான். ஆனால் 30சி வீரியத்தில் நீர்த்துவிட்டால் அதில் சுரப்பியின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சாது. ஆபத்து உருண்டையில் இல்லை, அதை நம்பி மாத்திரையை நிறுத்துவதில் இருக்கிறது. கடற்பாசி கலந்தவற்றைத் தள்ளி வையுங்கள். அயோடின் உப்பு போட்டுச் சமைக்கிற வீட்டில் கூடுதல் அயோடின் ஹாஷிமோட்டோவைக் கிளறிவிடலாம்.

இதையெல்லாம் சொன்னால் டாக்டர் திட்டுவாரே?

திட்டலாம். திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தைராய்டு அளவைச் சரிபார்க்கும் கணக்கே நீங்கள் சொல்வதை நம்பித்தான் ஓடுகிறது. சேர்மானப் பட்டியல் தெரிகிற மாதிரி லேபிளைப் படம் பிடித்து எடுத்துப் போங்கள். எந்தத் தேதியில் ஆரம்பித்தது, நாளைக்கு எத்தனை, கடைசி டெஸ்டுக்கு முன்பா பின்பா என்று சொல்லுங்கள். ஒழுங்கான டாக்டர் என்றால் டி.எஸ்.எச்.சோடு ஃப்ரீ டி4, ஃப்ரீ டி3 இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்.

எவ்வளவு சொன்னாலும் ஒரு தடவை சாப்பிட்டுப் பார்க்கத்தான் போகிறேன் என்றால்?

என் யோசனை வேண்டாம் என்பதுதான். இதயக் கோளாறு, எலும்புத் தேய்வு, கர்ப்பம், 60 வயதுக்கு மேல், தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை செய்தவர், குழந்தைகள் இவர்களுக்குக் கண்டிப்பாகவே வேண்டாம். மற்றவர்கள் பிடிவாதமாக இருந்தால் இதையாவது செய்யுங்கள். ஆரம்பிக்கும் முன் டெஸ்ட் எடுங்கள். அதே நேரத்தில் வேறெதையும் புதிதாக ஆரம்பிக்காதீர்கள். மாத்திரையை உங்கள் இஷ்டத்துக்குக் குறைக்காதீர்கள். ஆறாவது வாரத்தில் திரும்ப டெஸ்ட். டி.எஸ்.எச். இறங்கியிருந்தால் அது புட்டியில் ஹார்மோன் இருப்பதற்குச் சான்று. கேப்சூலை நிறுத்துங்கள். மாத்திரையில் கை வைக்க வேண்டாம் என்று டாக்டரிடம் காரணத்தோடு சொல்லுங்கள். டி.எஸ்.எச். அசையவில்லை, உடம்பிலும் மாற்றமில்லை என்றால் அந்தப் பணத்துக்கு வேறு உபயோகம் இருக்கிறது.

நடுவில் நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, துடிப்பு தாறுமாறாக ஓடுவது, மயக்கம் வந்தால் ஆறு வாரம் என்று காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். புட்டியையும் கையோடு கொண்டுபோங்கள்.

ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறேன். எப்படி நிறுத்துவது?

தைராய்டு கிளாண்டுலர் மட்டும் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்தலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பார்த்து, முன்பு குறைத்த மாத்திரையைத் திரும்பக் கூட்ட வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். இடையில் கொஞ்சம் மந்தமாக இருந்தால் பயப்பட வேண்டாம். அட்ரினல் கிளாண்டுலரும் சேர்ந்திருந்தால், ஸ்டீராய்டு இருந்திருக்கக்கூடும் என்பதால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். முதலில் டாக்டர், அப்புறம்தான் எதுவும். மிச்சமிருக்கும் கேப்சூல்களை அடுத்த டெஸ்ட் முடியும்வரை லேபிளோடு பத்திரமாக வைத்திருங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல். "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, உனக்காவது உதவட்டும்" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட வேண்டாம்.